மாந்தம்

மாந்தம் என்பது பால்குடிக் குழந்தையும் தளர்நடைக் குழந்தையும் உண்ண மறுப்பது, உண்டதைக் கக்குவது, வயிறு உப்புவது, செரியாமல் கழிவது, சோர்ந்து சிணுங்குவது ஆகியவற்றுக்குத் தமிழ் மருத்துவ நூல்களும் வீட்டுப் பேச்சும் வழங்கும் பொதுப்பெயர். ‘மந்தம்’ என்பதன் நீட்சி. உணவைச் செரிக்கும் வயிற்றுத் தீ மந்தப்படுவதே காரணம் என்ற கருத்தில் பிறந்த சொல்.

நேற்றுவரை இரண்டு இட்லி தின்ற ஒன்றரை வயதுப் பிள்ளை இன்று வாயைத் திறக்கவில்லை. ஊட்டியதைக் கன்னத்தில் அடக்கி வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துப்புகிறது. சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டது. வீட்டில் வயதான பெண் இருந்தால் “மாந்தமா இருக்கும்” என்பார். அலோபதி மருத்துவர் அப்படி ஒரு நோய் தன் புத்தகத்தில் இல்லை என்பார். இரண்டும் சரியே. மாந்தம் தனி நோயன்று. பல நோய்களும், நோயே அல்லாத சில நிலைகளும் ஒண்டியிருக்கும் ஒரு கூரை அது.

சொற்கள்

குழந்தையின் வயிற்றைப் பற்றித் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. பால் குடித்தபின் வாயோரம் வழிவது கக்கல். உண்டது தொண்டைவரை ஏறி இறங்குவது எதுக்களிப்பு. வெளியே எதுவும் வராமல் வயிறு மட்டும் புரட்டுவது குமட்டல். தொண்டை இழுத்து ஓசை எழுவது ஓங்கரிப்பு அல்லது ஓக்காளம். இவற்றின் முடிவில் வருவதே வாந்தி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அது சத்தி. உணவில் நாட்டமே அற்றுப் போவதை நூல்கள் அரோசகம் என்கின்றன. குழந்தை மருத்துவர் இன்றும் முதலில் கேட்கும் கேள்வி இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்: தானாக வழிந்ததா, வயிற்றுத் தசை இறுகி வெளியே தள்ளியதா? கக்கலும் எதுக்களிப்பும் நான்காம் மாத வாக்கில் உச்சத்தில் இருந்து, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தாமாக மறைந்துவிடும். எடை ஏறிக்கொண்டிருந்தால் மருந்து வேண்டியதில்லை. வாந்தி வேறு. சரியான சொல்லைச் சொல்லத் தெரிந்த தாய் பாதி நோயறிதலை முடித்துவிட்டார்.

நூல் வரலாறு

குழந்தை மருத்துவம் சொல்லும் தமிழ் நூல் வகைக்குப் பாலவாகடம் என்று பெயர். வாகடம் என்றால் மருத்துவ நூல். இப்பெயரில் ஒரே நூல் இல்லை. பல சுவடிகள் உண்டு, எல்லாம் பாட்டாக. பலவற்றை அகத்தியர் செய்ததாகச் சொல்வர். இன்று கிடைக்கும் பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது. எனவே அகத்தியர் பெயரை ஒரு காப்பு முத்திரையாகவே கொள்ள வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் மருத்துவச் சுவடிகள் பெருந்தொகையாக உள்ளன.

வடமொழியில் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றான கௌமாரபிருத்தியம் இத்துறைக்கு உரியது. காசியப சம்ஹிதை இதற்கென்றே எழுந்த நூல். சுசுருத சம்ஹிதை குழந்தைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்களை எண்ணுகிறது. அவற்றுள் சகுனி பறவை வடிவினள். பூதனை கண்ணன் கதையில் நஞ்சுப் பால் ஊட்ட வந்தவளாக நாம் அறிந்தவள். பாலவாகடங்கள் கூறும் பட்சி தோஷம், அதாவது பறவையின் நிழல் பட்ட குழந்தை இளைத்துக் கழியும் என்ற கருத்து, இந்தச் சகுனியின் உறவுதான். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் க்ஷீராலசகம், கெட்ட தாய்ப்பாலால் குழந்தை வாந்தியும் கழிச்சலுமாக வாடும் நோய், நம் பால் மாந்தத்துக்கு நெருங்கிய உறவு. எது எதிலிருந்து வந்தது என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தபின் பாலவாகடங்கள் சிறு நூல்களாக வெளிவந்தன. பின்னர் சித்த மருத்துவக் கல்லூரிகளின் பாடநூலாகப் பொன். குருசிரோன்மணி தொகுத்த ‘பாலவாகடம்’ நிலைபெற்றது. மாந்த மூலிகைகளின் குணம் அறிய க.ச. முருகேச முதலியாரின் ‘குணபாடம்’ மூலிகை வகுப்பைப் புரட்டுவர்.

வகைப்பாடு

பாலவாகடம் பிள்ளைப் பிணிகளை முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. உணவு, தாய்ப்பால், உடற்கூறு ஆகியவற்றால் உள்ளிருந்து வருபவை அகக்காரண நோய்கள். மாந்தமும் கணம் என்ற பிள்ளைநோயும் இதில் அடங்கும். வெளியிலிருந்து தாக்குபவை புறக்காரண நோய்கள். தோஷங்கள், பட்சி தோஷம், குழந்தை தேரைபோல் வயிறு பெருத்துக் கைகால் சூம்பும் தேரை ஆகியவை இந்தப் பக்கம். மாந்தத்தை அகக்காரணத்தில் வைத்தது கவனிக்கத்தக்கது. பேய் பிசாசின் மேல் பழி போடாமல், வயிற்றுக்குள் என்ன போனது என்று பார்க்கச் சொன்ன பகுப்பு இது.

மாந்தத்தின் உட்பிரிவுகள் நூலுக்கு நூல் மாறுகின்றன. இருபதுக்கு மேல் எண்ணும் சுவடிகளும் உண்டு. பால் மாந்தம், செரியா மாந்தம், ஊது மாந்தம், கட்டு மாந்தம், வாத மாந்தம், சுழி மாந்தம், போர் மாந்தம், பெருமாந்தம் என்று பட்டியல் நீளும். சிலவற்றைப் பெயரே விளக்கிவிடும். ஊது மாந்தத்தில் வயிறு ஊதும். கட்டு மாந்தத்தில் மலம் கட்டும். செரியா மாந்தத்தில் தின்றது தின்றபடியே மலத்தில் வரும். பட்டியல் ஏன் இவ்வளவு நீண்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நோயாளியால் பேச முடியாது. ஆகவே பார்ப்பவர் மலத்தின் நிறம், நாற்றம், வயிற்றின் இறுக்கம், அழுகையின் ஓசை, கண் செருகும் விதம் ஆகியவற்றையே சாட்சியாகக் கொண்டார். ஒவ்வொரு சாட்சிக் கோவைக்கும் ஒரு பெயர் விழுந்தது.

இந்தக் கூர்ந்த பார்வையிலும் சறுக்கல் உண்டு. பால் தயிராகத் திரிந்து வெளிவருவதைப் பால் மாந்தத்தின் அடையாளம் என்பர். இரைப்பைக்குள் போன பால் அமிலமும் நொதியும் பட்டுத் திரிவது எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பது. குடித்துச் சற்று நேரம் கழித்துக் கக்கினால் திரிந்துதான் வரும், உடனே கக்கினால் பாலாகவே வரும். திரிதல் நேரத்தைக் காட்டும், நோயைக் காட்டாது. அதேபோல் கேரட் துண்டும் பச்சைப் பட்டாணியும் முழுதாக மலத்தில் வருவது தளர்நடைப் பருவத்தில் சகஜம். மெல்லப் போதிய கடைவாய்ப் பல் வரவில்லை என்பதே பொருள்.

வருத்தம் தரும் இடமும் உண்டு. சில பட்டியல்களில் மலடி மாந்தம் என்று ஒரு வகை வருகிறது. குழந்தை இல்லாத பெண்ணின் மேல் எழுதிய குற்றப்பத்திரிகை அது. பால் மாந்தத்துக்குத் தாய் தின்றதே காரணம் என்று அவளுக்குக் கடும் பத்தியம் வைத்ததும் இதே மனப்போக்குதான். பிள்ளை வாந்தி எடுத்தால் தாய்க்குச் சோறு குறைந்தது. பால் சுரப்பதற்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

மாந்தம் முற்றினால் கணமாகும், சுரம் சேரும், வலிப்பு காணும் என்று நூல்கள் ஒரு தொடரைச் சொல்கின்றன. மாந்த சுரம், மாந்தக் கணம், மாந்த வலி என்ற கூட்டுப்பெயர்கள் இதிலிருந்து வந்தவை. வயிற்றுநோய் வந்த குழந்தை உண்ணாது. உண்ணாத குழந்தை மெலியும். மெலிந்த குழந்தையை அடுத்த நோய் எளிதில் பிடிக்கும். ஊட்டக்குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை விரிவாக நிறுவிய உலக சுகாதார நிறுவன வெளியீடு வந்தது 1968இல். ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் என்ற மூவர் எழுதியது.

இத்தொடரின் கடைசிப் படியில் நிற்பது சவலை. அடுத்த குழந்தை பிறந்ததால் முலைப்பால் இழந்து மெலியும் மூத்த குழந்தை சவலைப் பிள்ளை. மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் 1935இல் லான்செட் இதழில் குவாஷியோர்க்கர் என்ற நோய்ப்பெயரை உலகுக்குத் தந்தார். அது அங்குள்ள கா மொழிச் சொல். அடுத்த பிள்ளை வரும்போது முந்திய பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். ஒரே காட்சிக்கு இரு கண்டங்களிலும் ஒரே கோணத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்நோயைத் தென்னிந்தியாவில் ஆராய்ந்த சி. கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். அவர் பணி தொடங்கிய குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தையை மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா என்று முடிவு செய்ய இன்று செய்யும் சோதனைகளுள் ஒன்று பசிச் சோதனை: ஊட்டச்சத்துப் பசையைக் கொடுத்து, விரும்பி உண்கிறதா என்று பார்ப்பார்கள். பசி எடுப்பதே ஒரு நல்ல அறிகுறி என்பது அதன் அடிப்படை.

மருந்துகள்

மாந்த மருந்துகளில் தலைமை உரை மருந்துக்கு. சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றை வேகவைத்தோ சுட்டோ வைத்துக்கொண்டு, உரைகல்லில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு இரண்டு மூன்று உரசல் உரசி நாக்கில் தடவுவர். சரக்குகள் குடும்பத்துக்குக் குடும்பம் கூடும் குறையும். உரசலின் எண்ணிக்கையே அளவுமுறை. அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் இது உரை மாத்திரையாகக் கிடைக்கிறது.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லாதது என்றும் பெயர்கள். இரவில் பேர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தரமாட்டார் என்பது பழைய கிராம வழக்கம். சுட்டுக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவர். மணியாகக் கோத்துக் கையில் கட்டுவர். பூசுவதிலும் கட்டுவதிலும் பெரிய தீங்கில்லை. உள்ளே கொடுப்பது வேறு கதை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனைகளில் கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. அந்தத் தடையைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வருகிறது. ஆனாலும் கைக்குழந்தையின் நாக்கில் வசம்பு வைக்காமல் இருப்பதே நல்லது.

மூலிகைகளில் பொடுதலை, உத்தாமணி எனப்படும் வேலிப்பருத்தி, நுணா, நொச்சி, பேய்மிரட்டி ஆகியவற்றை நூல்கள் மாந்தத்துக்கு உரியவையாகக் குறிக்கின்றன. வீட்டில் எளிதில் கிடைப்பது ஓமம். அதன் மணத்துக்குக் காரணம் தைமால்; வாயுவைக் கலைக்கும் குணம் உள்ளது. கண்ணாடிப் புட்டியில் ஓமத் தண்ணீர் விற்காத மளிகைக் கடை ஒரு காலத்தில் இல்லை. அதன் சீமைத் தம்பிதான் கிரைப் வாட்டர். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகர மருந்தாளர் வில்லியம் உட்வர்ட் 1851இல் செய்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அவற்றோடு கொஞ்சம் சாராயமும் அதில் இருந்தது. பிரிட்டனில் சாராயம் முற்றிலும் நீங்கியது 1990களில். இந்தியாவில் மூன்று தலைமுறைப் பெண்களை வைத்து எடுத்த விளம்பரத்தால் அது குடும்பச் சொத்தாகிவிட்டது. வாந்தியை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

கொடுக்கும் கருவிகள் சங்கும் பாலாடையும். பாலாடை என்ற தமிழ்ச் சொல் பச்சிளங்குழந்தை மருத்துவ இதழ்களில் உலகெங்கும் அப்படியே வழங்குகிறது. உறிஞ்சத் தெரியாத எடைகுறைந்த குழந்தைக்கு அதனால் பால் புகட்டுவதை மருத்துவமனைகளே ஏற்றுக்கொண்டன. ஆனால் மூக்கைப் பிடித்துச் சங்கால் தொண்டையில் ஊற்றும் பழக்கம் ஆபத்தானது. பால் நுரையீரலுக்குள் போகும். எண்ணெயானால் இன்னும் மோசம். அது அங்கேயே தங்கி நிமோனியா உண்டாக்கும்.

குடல் தட்டலும் தொக்கமும்

நூல்களில் அதிகம் பேசப்படாத, ஊர்களில் மிகுதியாக நடக்கிற இரண்டு முறைகள் உண்டு. குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடும்போது குடல் இடம் மாறிவிட்டது, அதனால்தான் உண்ணவில்லை, வாந்தி எடுக்கிறது என்பது குடலேற்றம். கைராசிக்காரப் பாட்டி வயிற்றில் எண்ணெய் தடவி நீவி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டுவார். இதற்குக் குடல் தட்டல் என்று பெயர். தின்றது தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டது என்பது தொக்கம். கொங்குப் பகுதியில் சொக்கு. குழல் வைத்து ஊதியோ உறிஞ்சியோ ஒரு சோற்றுருண்டையை, ஒரு முடியை எடுத்துக் காட்டுவர். ‘இங்கே தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகைகளைச் சிற்றூர்ச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம்.

இரைப்பை சில மணி நேரத்தில் காலியாகிவிடும். போன வாரத்துச் சோறு அங்கே ஒட்டியிருக்க வழியில்லை. எடுத்துக் காட்டும் உருண்டை எடுப்பவரின் கைத்திறன். ஆனால் தொண்டையில் சிக்குவது என்ற பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை. நன்றாக விளையாடிய குழந்தை திடீரென்று விழுங்க மறுத்து எச்சில் ஒழுக்கினால், காசோ பொம்மையின் பொத்தான் பேட்டரியோ உணவுக்குழாயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் குழாயை அரித்துவிடும். குழல் ஊதும் நேரம் அதற்குக் கிடையாது.

குடலேற்றத்துக்கும் அப்படி ஒரு நிழல் உண்டு. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழல்போல் நுழைந்துகொள்வது குடல் செருகல். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமே மிகுதி. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மடக்கி வீறிட்டு அழும், நடுவில் வெளிறிச் சோர்ந்து கிடக்கும், வாந்தி பச்சையாகும், கடைசியில் இரத்தமும் சளியும் கலந்த மலம் வரும். இதைச் சரிசெய்ய ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியே காற்றோ உப்புநீரோ செலுத்துவார்கள், முடியாதபோது அறுவை. எண்ணெய் நீவலில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குடலின் இரத்த ஓட்டத்தைத் தின்கிறது.

சுற்றிப் போடுதல், மந்திரித்தல் பற்றி எழுத அதிகம் இல்லை. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டு எந்தக் குழந்தையும் கெட்டதில்லை. மஞ்சளைச் சுட்டு வயிற்றில் சூடு வைப்பது மட்டும் குற்றம்.

நீர்

மாந்த வகைகள் எல்லாவற்றையும் படித்து முடித்தபின் ஒரு குறை தெரிகிறது. வாந்தியும் கழிச்சலும் வந்த குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து போன நீரும் உப்பும். அதற்கென்று ஒரு மாந்தம் எந்தப் பட்டியலிலும் தனியாக இல்லை. அறிகுறியைப் பார்க்காமல் இல்லை. “உச்சிக்குழி விழுந்துடுச்சு” என்றும் “சீர் தட்டிடுச்சு” என்றும் பெண்கள் சொல்வது நீரிழப்பைத்தான். குழி விழுந்த உச்சியில் பச்சிலை அரைத்து வைத்தார்கள். வாய்க்குள் நீர் வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மாறாக, லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே பெருமருந்து, என்று வயிற்றைக் காயப்போட்டார்கள். சிலர் தண்ணீரும் தராமல் விட்டார்கள்.

தண்ணீர் மருந்தான கதை வங்காளத்தில் தொடங்குகிறது. கொல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காப்பாற்றி 1953இல் லான்செட்டில் எழுதினார். வாந்தியை அடக்க அவர் கையாண்டவற்றுள் ஓமவல்லி இலைச் சாறும் ஒன்று. நம் வீட்டுத் தொட்டியில் கற்பூரவல்லி என்று வளர்கிறதே, அதே செடி. உலகம் அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. குடலில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே உள்ளே போகின்றன என்ற உடலியல் உண்மையை ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் அதை நோயாளிகளிடம் நிறுவினர். 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. மகலனபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. செறிவு குறைத்த இந்தக் கலவை 2002இல் வந்தது. இலங்கையில் ஜீவனி என்று கேட்டால் கிடைக்கும். இந்தியாவில் சர்க்கரை மிகுந்த பழபானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது.

வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எப்படிப் புகட்டுவது என்பதில்தான் பெற்றோர் தோற்கிறார்கள். தாகத்தில் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்கும். உடனே வெளியே வரும். “தண்ணிகூடத் தங்கலை” என்று நிறுத்திவிடுவார்கள். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று என்று கொடுக்க வேண்டும். இப்படி ஒரு மணி நேரத்தில் 150 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும். கழிச்சலும் இருந்தால் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறைக்கும் 50 முதல் 100 மில்லி கூடுதலாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பொட்டலம் இல்லாத நேரத்தில் உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் உதவும்; அல்லது காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தட்டையாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும். கழிச்சலுக்குத் துத்தநாகம் 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். அது சில குழந்தைகளுக்கு வாந்தியைத் தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாந்தி நிறுத்தும் மருந்தை மருத்துவர்தான் எழுத வேண்டும். அண்ணனுக்கு எழுதிய பழைய புட்டியை எடுக்கக் கூடாது.

வாந்தி பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தால், ஆறெட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால், கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்பினால், தூக்கம் கலையாமல் சொருகினால், வலிப்பு வந்தால், முந்தின நாள் தலையில் அடிபட்டிருந்தால், உரைகல்லைத் தேடாமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

நோயில்லாப் பசியின்மை

காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, ஓடி விளையாடுகிறது, சோறு மட்டும் வேண்டாம் என்கிறது. இதையும் மாந்தம் என்று மருந்து கேட்கிறார்கள். கணக்கு இதற்கு விடை சொல்லும். 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் 9 கிலோ. அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ மட்டும். வளர்ச்சி மெதுவானதும் பசியும் மெதுவாகிறது. இரைப்பையின் கொள்ளளவோ கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி; 10 கிலோக் குழந்தைக்கு ஒன்றரை டம்ளர். அதில் ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிட்டுச் சோற்றுக்கு இடம் தேடுகிறோம். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறையும். இரும்புச்சத்துக் குறைந்தால் பசி இன்னும் மந்தப்படும். மாந்தம் என்ற சொல் மெய்யாகவே பொருந்தும் இடம் இதுதான். பூச்சித் தொல்லைக்கு பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் தருகிறார்கள். ஒன்று முதல் 2 வயதுவரை அரை மாத்திரை.

வாயை அழுத்தித் திணிக்கும் சோறு ஓங்கரிப்பாகத் திரும்பும். பின்பு தட்டைக் கண்டாலே ஓங்கரிக்கும். நிலாவைக் காட்டி ஊட்டியபோது குழந்தை நிலாவையும் பார்த்தது, கையையும் பார்த்தது. கைபேசியைக் காட்டி ஊட்டும்போது எதையும் பார்ப்பதில்லை. என்ன உணவு, எப்போது என்பதைப் பெரியவர் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். வளர்ச்சி அட்டையில் கோடு ஏறிக்கொண்டிருக்கும்வரை டானிக் எதுவும் தேவையில்லை. கோடு படுத்தாலோ இறங்கினாலோ சிறுநீர்த் தொற்று, காசநோய் முதலியவற்றைத் தேட வேண்டும்.

இன்றைய நிலை

இளங்குழந்தைகளின் கடும் வாந்திக்கும் கழிச்சலுக்கும் பெருங்காரணமான ரோட்டா வைரஸை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டனர். இந்தத் தொற்றை அறிய வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்றாண்டு பின்தொடர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு 2011இல் வெளிவந்தது. இந்திய ரோட்டா தடுப்பு மருந்தின் சோதனை நடந்த மூன்று இடங்களுள் வேலூரும் ஒன்று. தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14 ஆம் வாரங்களில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது.